சொல்லக் கூசிய நோய்

நமது சங்க இதழில் நோயைப் பற்றி எழுதும் அன்பர்கள் பெரும்பாலும் நீரிழிவைப் பற்றியோ இரத்தக் கொதிப்பைப் பற்றியோதான் எழுதுகிறார்கள். அவை கௌரவமான நோய்கள். நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவர், "எனக்குச் சர்க்கரை இருநூறு" என்று சொன்னால், அடுத்தவர், "எனக்கு இருநூற்று நாற்பது" என்று சற்றுப் பெருமையுடனேயே பதில் சொல்லலாம். நமக்கு வந்த நோய் அத்தகையதன்று. அது வந்த இடம் அப்படிப்பட்டது. இவ்விதழை இல்லத்துப் பெண்மணிகளும் படிக்கிறார்கள் என்பதை அறிவோம். ஆனால் இதை அவர்கள் படிக்க வேண்டுமென்பதும் நமது விருப்பம். ஏனென்று போகப் போகத் தெரியும். ‘நாம்’ என்று எழுதினால் வெட்கம் பாதியாகக் குறைகிறது. ஆகவே கட்டுரை முழுவதும் அவ்விதமே எழுத அன்பர்கள் அனுமதிக்க வேண்டும்.

நாம் மத்தியப் பிரதேசத்து ஜங்ஷன் ஒன்றில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. வயது 37. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. தகப்பனார் உத்தியோகத்தில் இருக்கும்போதே காலமானபடியால், கருணை அடிப்படையில் நமக்குக் கலாசி வேலை கிடைத்தது. பிறகு இலாகாப் பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனோம். கீழே வரும் வைத்திய விவரங்கள் யாவும் டாக்டர்கள் சொல்ல நாம் கேட்டு விளங்கிக்கொண்டவை. நமக்கு வாய்த்த டாக்டர்கள் சிலர் பொறுமையாக விளக்கிச் சொல்லக் கூடியவர்களாக இருந்தது நமது அதிர்ஷ்டம்.

2022 ஆம் ஆண்டுத் தீபாவளிக்குக் குடும்பத்துடன் விழுப்புரம் பக்கத்திலுள்ள சொந்தக் கிராமத்துக்குப் போயிருந்தோம். திரும்பும்போது மனைவிக்கும் ஏழு வயது மகளுக்கும் படுக்கை கிடைத்தது. நமக்குக் கிடைத்தது பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் பாதி. மற்றப் பாதி ஒரு ஸ்தூல சரீரியின் உரிமை. அவர் உட்கார்ந்த பிறகு பாதி என்பது கால்வாசியாயிற்று. ரயில்வேயில் வேலை பார்க்கிறோம் என்பதற்காகப் பண்டிகைக் காலத்து வண்டி நமக்காக விரிந்து கொடுக்குமா? விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர் என்று இருபது மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கிக்கொண்டே வந்தோம். எழுந்தால் இடம் போய்விடுமே என்று தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனால், ஆபீஸில் சாக்குச் சுற்றிய மோட்டார் சைக்கிள் பார்சல்கள் வரிசையாக நின்றன. போர்ட்டர்களில் இருவர் பண்டிகை விடுமுறையிலிருந்து திரும்பவில்லை. ஒரு காலத்தில் கலாசியாக இருந்தவர்தாமே என்ற எண்ணம் நம்மை விடவில்லை. ஒரு வண்டியின் பின்புறத்தைப் பிடித்து, மூச்சை அடக்கித் தம் கட்டித் தராசின் மேல் தூக்கி வைத்தோம். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, இடது தொடை இடுக்கிலிருந்து விரை வரையில் யாரோ கயிற்றைக் கட்டி இழுப்பது போன்ற வலி ஆரம்பித்தது. தடவிப் பார்த்தால் உள்ளே விரல் பருமனில் உண்மையாகவே ஒரு கயிறு இருப்பது போலத் தட்டுப்பட்டது.

மனைவி, "ஏங்க, என்ன செய்யுது?" என்று கேட்டாள். "வாயு" என்றோம். பெருங்காயமும் மோரும் வந்தன.

காலையில் காலனி மருந்தகத்துக்குப் போனோம். வழக்கமாக இருக்கும் ஆண் டாக்டருக்குப் பதிலாக ஓர் இளம் டாக்டர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். இங்கேதான் நமது அசட்டுத்தனம் உச்சத்தை அடைந்தது. நமக்குத் தெரிந்த இந்தி பிளாட்பாரத்தில் கற்ற இந்தி. லாரிக்காரர்கள் கோபம் வந்தால் அந்த உறுப்பைக் குறித்துச் சொல்லும் சொல் நமக்கு நன்றாகவே தெரியும். அதைத் தவிர வேறு சொல் தெரியாது. அதை அந்த அம்மாளிடம் சொல்ல முடியுமா? வயிற்றில் கையை வைத்து, "இங்கே வலி" என்றோம். வயிற்றை அழுத்திப் பார்த்தார். அங்கே வலிக்கவில்லை. "வேறு எங்காவது?" என்று இரண்டு தடவை கேட்டார். "இல்லை" என்றோம், இரண்டு தடவையும். அமிலத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் மேல் இம்மியளவும் குற்றமில்லை.

மூன்று நாள் ஓடியது. இடப்பக்கம் வீங்கி, நிறமும் சற்று மாறியது. மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாததற்கு வெட்கம் மட்டும் காரணமன்று. எங்களுக்கு ஒரே மகள். இன்னொரு குழந்தை வேண்டுமென்று இரண்டு ஆண்டுகளாகவே பேசிக்கொண்டிருந்தோம். இந்த இடத்தில் வந்த நோய் அந்த ஆசையை என்ன செய்யுமோ என்ற பயத்தை வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது.

எங்கள் காலனியில், ஓய்வு பெற்ற தலைமைப் பார்சல் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர், தமிழர் அனைவருக்கும் அண்ணாச்சி. திங்கட்கிழமை மாலை நாம் காய்கறிப் பையுடன் வருவதைத் தம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தவர், "தம்பி, வயித்து வலிக்காரன் நடக்கிற நடையா இது? நில்லும்" என்றார். அவரிடம் எப்படியோ சொல்லிவிட்டோம். தமிழில் சொல்ல முடிந்ததும் ஒரு காரணம். அண்ணாச்சி திட்டிய திட்டை அச்சிட ஆசிரியர் ஒப்பமாட்டார். அத்துடன் விடாமல் நேரே நம் வீட்டுக்கு வந்து, மனைவியிடமும் நாசூக்காகச் சொல்லி, மறுநாள் காலை ஆட்டோவில் தாமும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை டாக்டர் பார்த்தார். முதலில் அவர் கேட்டது, வலி எப்போது ஆரம்பித்தது என்பதுதான். நான்கு நாள் என்றதும் முகம் சுருங்கியது. விரை தன் காம்பில் முறுக்கிக்கொள்வது என்று ஒரு நோய் உண்டாம். பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் வருவதாம். திடீரென்று கடும் வலி எடுக்கும். அது வந்தால் 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால்தான் உறுப்பு பெரும்பாலும் பிழைக்கும். நேரம் ஆக ஆக நம்பிக்கை குறையும். "உமக்கு அது இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை இரவே எல்லாம் முடிந்திருக்கும்" என்றார். வீட்டில் பையன்களை வைத்திருக்கும் தாய்மார்கள் இந்த 6 மணிக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பையன் வயிற்று வலி என்றுதான் சொல்வான். நாமே அப்படித்தானே சொன்னோம்.

தொட்டுப் பார்த்த டாக்டர், குடலிறக்கம் உள்ளே சிக்கிக்கொண்டது போலத் தோன்றுகிறது, அறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். கூட இருந்த இளைய டாக்டர், நம்மை இருமச் சொன்னபோது வீக்கம் அசையவில்லையே என்றும், வாந்தியோ வயிற்று உப்புசமோ இல்லையே என்றும் மெதுவாகக் கேட்டார். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்து, "சரி, முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தையினால் நமது அடிவயிறு தப்பியது. இவ்வித ஸ்கேன் பரவுவதற்கு முன்னெல்லாம், குடலிறக்கமென்று எண்ணி அறுத்த பிறகுதான் உள்ளே இருப்பது வேறு என்று தெரிய வருமாம்.

ஸ்கேன் அறை டாக்டர் வயதானவர்; பேசப் பிரியமுள்ளவர். பிசின் போன்ற குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்தார். திரையில் கறுப்பும் வெளுப்புமாக ஏதேதோ தெரிந்தன. பிறகு ஒரு பொத்தானைத் தட்டவே சிவப்பும் நீலமும் மின்னின. சிவப்பு நல்ல இரத்தம், நீலம் கெட்ட இரத்தம் என்று நாம் எண்ணினோம். அப்படியல்லவாம். கருவியை நோக்கி ஓடி வருவதற்கு ஒரு நிறம், விலகி ஓடுவதற்கு இன்னொரு நிறம், அவ்வளவே. அவரது கருவியில் வருவது சிவப்பு.

நாம் எங்கே வேலை பார்க்கிறோம் என்று விசாரித்தார். சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். "பிளாட்பாரத்தில் நிற்காமல் போகும் வண்டி ஊதிக்கொண்டே வரும்போது சத்தம் உச்சத்தில் இருந்து, நம்மைக் கடந்ததும் இறங்கி விடுகிறதல்லவா? அதே கதைதான் இது" என்றார். டாப்ளர் என்ற ஆஸ்திரியர் 1842 இல் இதை ஏட்டில் எழுதினாராம். உண்மையா என்று பார்க்க, பைஸ் பல்லோட் என்ற டச்சுக்காரர் 1845 இல் யூட்ரெக்ட் நகரத்துப் பாதையில் எக்காளம் ஊதுபவர்களை ரயிலில் ஏற்றி ஊதச் செய்து, சங்கீத ஞானமுள்ளவர்களைப் பாதையோரம் நிறுத்திச் சுருதி மாறுகிறதா என்று கேட்கச் சொன்னாராம். சுருதி மாறியது. இன்று காதுக்கு எட்டாத ஒலியை இரத்தத்தின் மேல் அனுப்பி, திரும்பி வரும் ஒலியின் சுருதி மாற்றத்தைக் கொண்டு இரத்தம் ஓடுகிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளாகத் தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வருகிறோம். அதற்குள் இவ்வளவு சங்கதி இருப்பது தெரியாமல் போயிற்று.

கருவியின் ஒலிபெருக்கியைத் திறந்து, வலப்பக்கத்து நாளத்தைக் கேட்கச் செய்தார். மூச்சை அடக்கி முக்கச் சொன்னார். காற்று மாறி வீசுவது போன்ற ஒலி வந்தது. இடப்பக்கம் வைத்தார். மறுபடியும் முக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை. கருவியால் அழுத்தினார். நல்ல நாளமானால் அழுத்தியதும் தட்டையாகிவிட வேண்டும். இது அசையாமல் உருண்டையாக நின்றது. ஆனால் விரைக்குள்ளே சிவப்பும் நீலமும் மின்னிக்கொண்டிருந்தன. அதைச் சுட்டிக் காட்டி, "உறுப்புக்கு இரத்தம் போகிறது. முறுக்கு இல்லை. குடலும் இறங்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் அடைப்பு. இரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது. இந்த இடத்தில் கட்டி என்பது மிக அபூர்வம், என் அனுபவத்தில் இது இரண்டாவது" என்றார்.

அபூர்வம் என்ற சொல்லைக் கேட்டு அண்ணாச்சி கொஞ்சம் மகிழ்ந்தது போலத் தெரிந்தது. நமக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்று மாலை அந்த இளைய டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். விரையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டு செல்லும் நாளங்கள் தொடக்கத்தில் திராட்சைக் கொடியின் சுருளைப் போலப் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலுக்கு லத்தீன் மொழியில் பெயரே கொடிச் சுருள் என்ற பொருளில்தானாம். அவை ஒன்றுகூடி ஒரே நாளமாகி வயிற்றுக்குள் ஏறுகின்றன. வலப்பக்கத்து நாளம் உடலின் பெரிய நாளத்தில் சாய்வாகப் போய்ச் சேருகிறது. இடப்பக்கத்து நாளமோ இன்னும் நீளமாக ஏறி, இடது சிறுநீரகத்திலிருந்து வரும் நாளத்தில் நேர்க் குறுக்காகப் போய் முட்டுகிறது. கிளைப்பாதை பிரதான பாதையில் சாய்வாக இணைவதற்கும் நேர்க் குறுக்காக முட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ரயில்வேக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு அந்தச் சிறுநீரக நாளமும் இரண்டு பெரிய தமனிகளுக்கு இடையே நுழைந்து போகிறது; சிலருக்கு அங்கே நசுங்குவதும் உண்டு. இந்த நோய் பெரும்பாலும் இடப்பக்கத்தில் வருவதற்கு இவையே காரணம்.

கட்டி ஏன் வந்தது? இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்கள்: ஓட்டம் தேங்குவது, நாளத்தின் சுவர் காயப்படுவது, இரத்தத்துக்கே உறையும் சுபாவம் மிகுவது. 1856 ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஆராய்ந்தெழுதிய விர்ஹோ என்ற ஜெர்மானியரின் பெயரால் இம்மூன்றும் வழங்குகின்றன. நமது விஷயத்தில் நீண்ட நேரம் மடங்கி உட்கார்ந்ததும், தண்ணீர் குடிக்காததும், மூச்சை அடக்கிப் பளு தூக்கியதும் சேர்ந்திருக்கலாம் என்றார். சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார். சிறுநீரகத்தில் கட்டி வளர்ந்து நாளத்தை அடைத்தாலும் இப்படி வரக்கூடுமாகையால் வயிற்றையும் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த முடிவு வரும் வரையில் ஓரிரவு கழிந்த விதத்தை எழுதப் போவதில்லை. ஒன்றுமில்லை என்று வந்தது. இரத்தத்தின் சுபாவத்தைப் பார்க்கும் சோதனைகளில் சிலவற்றைப் பிறகுதான் செய்ய வேண்டும், மருந்து உள்ளே இருக்கும்போது செய்தால் முடிவு தவறாக வரும் என்று ஒத்தி வைத்தார்கள்.

சிகிச்சைக்கு வருவோம். அபூர்வ நோயானபடியால் இதற்கென்று திட்டமான விதி கிடையாதாம். சில டாக்டர்கள் ஓய்வு, தாங்கு துணி, வலிக்கு மருந்து இவற்றோடு விடுகிறார்கள். சிலர் இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்கிறார்கள். வலி தீராமல் நின்றாலோ நோய் இன்னதென்று நிச்சயமாகாவிட்டாலோ அறுத்து எடுப்பதும் உண்டு. நமக்கு இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். வயிற்றுத் தோலின் கீழே தினம் இருவேளை ஹெப்பாரின் வகை ஊசி. முதல் நாளே அதோடு வார்ஃபரின் மாத்திரையும் ஆரம்பம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கச் சில நாள் ஆகுமாகையால் அது வரையில் ஊசியும் உண்டு. இந்த மருந்துகள் இருக்கிற கட்டியைக் கரைப்பதில்லை; வளரவிடாமல் தடுக்கின்றன. கரைக்கிற வேலையை உடல் தானே மெதுவாகச் செய்துகொள்கிறது.

வார்ஃபரினுக்கு ஒரு வேடிக்கையான பூர்வோத்தரம் உண்டு. 1920களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காமல் மடிந்தன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் சர்வகலாசாலை ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததே இம்மருந்து. 1948 இல் முதலில் எலி பாஷாணமாகத்தான் கடைக்கு வந்தது. 1954 இல் மனிதருக்கு மருந்தாயிற்று. பார்சல் ஆபீஸ் எலிகளுக்கு நாம் பல காலம் வைத்து வந்த பாஷாணம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதானோ என்னவோ!

இம்மருந்தின் அளவு கூடினால் இரத்தம் கசியும்; குறைந்தால் கட்டி வளரும். ஆகவே அடிக்கடி இரத்தம் எடுத்து, ஐ.என்.ஆர். என்னும் கணக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீரைகளில் உள்ள கே உயிர்ச்சத்து மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்று டாக்டர் சொன்னதை மனைவி கேட்டாள். அன்று முதல் எங்கள் வீட்டில் முருங்கைக் கீரையும் முளைக்கீரையும் நின்றன. மூன்றாம் வாரம் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம். சோதித்தால் கணக்கு 4-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் காரணத்தை விசாரித்து, தலையில் அடித்துக்கொண்டார். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. வாரந்தோறும் ஒரே அளவாகச் சாப்பிடத்தான் சொன்னேன் என்றார். மருந்தை ஒரு நாள் நிறுத்தி, அளவைத் திருத்தினார். அவளோ, தன்னால்தான் வந்தது என்று இரண்டு நாள் அழுதாள். அதற்குப் பிறகு செவ்வாயும் சனியும் இரண்டு கரண்டி முருங்கைக் கீரை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மாத்திரை சாயங்காலம் 6 மணிக்கு. அதை எடுத்துக் கொடுப்பது மகளின் உத்தியோகம். வலி வந்தாலும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தின்னக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. இப்போது இரத்தச் சோதனை இல்லாமலே சாப்பிடக்கூடிய புது மாத்திரைகளும் இருக்கின்றன. நமக்கு வாய்த்தது பழையதுதான்.

வலி பத்து நாளில் பெரும்பாலும் நின்றது. வீக்கம் வடிய ஒரு மாதம் ஆயிற்று. உள்ளே இருந்த கயிறு மெல்ல மெல்ல இளகியது. குழந்தை விஷயத்தை நாம் கேட்கவில்லை. மனைவிதான், ஒரு நாள் டாக்டர் அறையில் தலையைக் குனிந்தபடி தமிழும் இந்தியுமாகக் கேட்டாள். உறுப்புக்கு இரத்தம் தடைப்படவே இல்லை, மற்றப் பக்கமும் நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னார். வெளியே வந்ததும், "இத முதல் நாளே கேட்டிருந்தா ஒரு மாசம் தூங்கியிருக்கலாமே" என்றாள். அவளுக்கும் அதே பயம் இருந்திருக்கிறது, நம்மிடம் சொல்லவில்லை.

மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, 2023 பிப்ரவரியில் மறுபடியும் அதே ஸ்கேன் அறை. பழைய டாக்டர் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டு, இடப்பக்கம் கருவியை வைத்தார். வலப்பக்கத்தைப் போல அவ்வளவு தாராளமாக இல்லை. ஆயினும் சத்தம் வந்தது. ஒரு பகுதி இன்னும் அடைபட்டேதான் இருக்கிறதாம். பக்கத்துச் சிறு நாளங்கள் வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டன. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பிறகு செய்த இரத்தச் சோதனைகளில் குறை ஒன்றும் தெரியவில்லை. பளு தூக்கும் வேலையை விட்டோம். ஊருக்குப் போகும்போது, இடம் போனாலும் போகட்டுமென்று மணிக்கொரு தரம் எழுந்து நடக்கிறோம்.

ஒன்றைச் சொல்ல மறந்தோம். நவம்பர் கடைசியில், மறுபடியும் வேலையில் சேரத் தகுதிச் சான்று வாங்குவதற்காக அதே காலனி மருந்தகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதே டாக்டர் அம்மாள். ஆஸ்பத்திரிக் காகிதங்களை முழுவதும் படித்துவிட்டு, "நீங்கள் என்னிடம் வந்த அன்றே இது இருந்ததா?" என்று கேட்டார். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இருந்தது" என்றோம். கோபிப்பார் என்று நினைத்தோம். அவரோ ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன, உங்கள் பாஷையில் இதற்கு மரியாதையான சொல் என்ன என்று கேட்டார். ‘விரை’ என்றோம். நாகரி எழுத்தில் எழுதிக்கொண்டு இரண்டு தடவை உச்சரித்துப் பார்த்தார். நாமும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, இந்தியில் என்ன என்று கேட்டோம். ‘அண்டகோஷ்’ என்றார். இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை ஒருவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. சான்றில் இலகுவான வேலை என்று எழுதி, கையெழுத்திட்டு, அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார்.